மெய்யமலைக் கோட்டையும் நடுச்சுவரும்

கடாரத்து மண்ணில் வாழும் நம்மவர் பழம்பெருமை பேசப் புகுந்தால், முதலிற் சொல்வது 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடல் கடந்து படை நடத்திய செய்தியேயாகும். ‘கடாரங்கொண்டான்’ என்ற பட்டத்தைச் சொல்லி, ஜெராய் மலையைச் சுட்டிக் காட்டாத மேடைப் பேச்சாளர் நம் மாநிலத்தில் அரியர். அந்தப் பெருமையை யாம் மறுக்க வரவில்லை. ஆனால் அந்தச் சோழனுக்கும், ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து இங்கே காடழிக்கவும் பால் வெட்டவும் வந்த நம் பாட்டன்மாருக்கும் யாது உறவு? அவர்கள் அரண்மனையை விட்டு வந்தவர்களல்லர். திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய சீமைகளின் சிற்றூர்களை விட்டுக் கங்காணியின் பின்னே கப்பலேறியவர்கள். அச்சிற்றூர்களின் சரித்திரத்தை நாம் என்றேனும் கேட்டதுண்டா? சோழன் வென்ற ஊரை அறிந்த நாம், நம் பாட்டி தண்ணீர் சுமந்த ஊரை அறியோம். ஆங்கிலப் பாடசாலையிற் பயின்ற எம்மைப் போன்றோர் நிலையோ இன்னும் பரிதாபம். இங்கிலாந்து, ஸ்காத்லாந்து தேசத்துக் கோட்டைகளின் பெயர்களை ஒப்பிப்போம். நம் முன்னோர் ஊர்ப்பக்கத்துக் கோட்டை ஒன்றின் பெயரைச் சொல்லத் தெரியாமல் விழிப்போம்.

அக்குறையைச் சிறிது தீர்க்கும் பொருட்டு, மலையைக் குடைந்த குகைகளையும், அம்மலையையே சுற்றி வளைத்த மதில்களையும் ஒருங்கே உடைய ஒரு பாழ்பட்ட கோட்டையின் கதையை ஈண்டுக் கூற முற்படுகிறோம். அதன் பெயர் திருமெய்யம். இன்று வழங்கும் பெயர் திருமயம்.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் பெருவழியில், சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே இவ்வூர் உள்ளது. அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் வட்டிக் கடை வைத்திருந்த நகரத்தார் பலர் ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் இக்கோட்டை மதிலைக் கண்டே சென்றிருப்பர். வறண்ட சமவெளியில் திடீரென்று ஒரு பாறைக்குன்று எழுகிறது. குன்றின் தெற்கு அடிவாரத்தில், பாறையைக் குடைந்தெடுத்த இரு கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று சிவனுக்கு, மற்றொன்று திருமாலுக்கு. மெய்யம் என்பது மெய், அதாவது உண்மை என்னும் சொல்லின் வழி வந்தது. வடமொழியாளர் அதனைச் சத்தியகிரி என்றனர். சிவன் அங்கே சத்தியகிரீசுவரர், திருமால் சத்தியமூர்த்தி. உண்மைக்குப் பெயர்போன இக்குன்றில் நடந்த உண்மைச் செய்திகள் யாவை என்று பார்ப்போம்.

குகைகள் குடையப்பட்டது ஏறக்குறைய ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் என்பர் அறிஞர். சுண்ணாம்பும் செங்கலும் மரமும் இன்றி, உளியும் சுத்தியலும் மட்டுமே கொண்டு கருங்கல்லைக் குடைந்து கூடம் சமைத்த காலம் அது. சிவன் குகையில் இலிங்கத்துக்கு எதிரே இலிங்கோற்பவர் சிற்பம் பெரிதாக வடிக்கப்பட்டிருக்கிறது. திருமால் குகையில் பாம்பணைமேற் பள்ளிகொண்ட பெரியதொரு உருவமும், பாம்பு கக்கும் தீக்கு அஞ்சி மது, கைடபர் என்னும் அசுரர் ஓடும் காட்சியும் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. முத்தரையர் குலத்துச் சாத்தன் மாறன் என்பானுடைய தாயாகிய பெரும்பிடுகு பெருந்தேவி என்னும் அம்மையார் திருமால் கோயிலைப் புதுக்கி நிலமும் அளித்தார் என்று சாசனம் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு பெண்மணி தன் பெயரால் நிலம் வழங்கினார், அப்பெயர் கல்லில் நின்றது என்பதைப் பெண்ணுக்குச் சொத்து ஏது என்று கேட்போர் சிந்திப்பாராக.

சிற்பத்தின் பொருளை நோக்குமிடத்து ஒன்று புலனாகும். இலிங்கோற்பவர் கதை, சிவனின் அடியும் முடியும் தேடிப் பிரமனும் திருமாலும் தோற்றதைச் சொல்வது. அதற்கு அடுத்த குகையிலேயே திருமால் உலகைக் காக்கும் ஒருவனாய்ப் பள்ளிகொண்டிருக்கிறான். ஒரே குன்று, ஒரே பாறை. ஒருபுறம் ‘எம் கடவுளே பெரியவர்’ என்றால், மறுபுறமும் அங்ஙனமே. குடைந்த கல்தச்சன் இரண்டையும் ஒரே உளியாற் செய்திருக்கக் கூடும். அவனுக்குக் கூலி கிடைத்திருக்கும்; பகை கிடைத்திராது. பகை வளர்வது கோயில் எழுந்தபின், கோயிலுக்கு நிலமும் வருவாயும் சேர்ந்தபின்.

பகையின் கதைக்குப் போகுமுன் மற்றொரு செய்தி உண்டு. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. கிரந்த எழுத்தில், ஏழு தொகுதிகளாக, சுரங்கள் வரிசை வரிசையாகப் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. உருத்திராசாரியர் என்பாருக்கு மாணவனாகிய ஓர் அரசன் செய்தது என அதன் முடிவிற் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தியாவில் இசைக்குக் கிடைத்த பழஞ்சான்றுகளில் தலைசிறந்தவற்றுள் ஒன்று அது. அத்தகைய இசைக் கல்வெட்டு ஒன்று திருமெய்யத்துச் சிவன் குகையிலும் இருந்தது. ‘பரிவாதினி’ என்ற நரம்புக் கருவியின் பெயரும் அங்கே காணப்படுகிறது. பாடுவோரும் வாசிப்போரும் கற்கும்பொருட்டுக் குகைச்சுவரையே பாடப்புத்தகமாக்கிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் அந்த இசைக் கல்வெட்டை இன்று முழுமையாகப் படிக்க இயலாது. அங்குமிங்குமாகச் சில எழுத்துக்களே எஞ்சியுள்ளன. பகைவர் படையோ, மழையோ, இடியோ அதை அழிக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேறொரு சாசனத்தைப் பொறிப்பதற்கு இடம் வேண்டிப் பழைய எழுத்துக்களைச் செதுக்கித் தள்ளிவிட்டனர். கோயிற் காரியம் பார்த்தவர்களே செய்த வேலை அது.

அந்நூற்றாண்டில் அங்கே கோயிற் காரியம் எவ்வாறு நடந்தது? சைவ வைணவப் பூசல் முற்றியிருந்தது. இரு கோயிலாருக்கும் நிலத்தைப் பற்றியும் வருவாயைப் பற்றியும் நெடுநாள் வழக்கு. உள்ளூர்ச் சபையாரால் தீர்க்க முடியவில்லை. கடைசியில் தீர்த்து வைத்தவர் யார் தெரியுமா? தமிழரல்லர். அக்காலத்தில் போசள மன்னன் வீரசோமேசுவரன் கன்னட நாட்டிலிருந்து வந்து, திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் அரண்மனை அமைத்துச் சோழ பாண்டியருடைய காரியங்களில் தலையிட்டு வந்தான். அவனுடைய தண்டநாயகர் அப்பண்ணர் என்பார். அவர் 1245-ஆம் ஆண்டில் நாட்டார் முதலியோரைக் கூட்டிவைத்து விசாரித்தார். நிலவருவாய் இன்ன வகையிற் பிரிக்கப்பட வேண்டுமென்றும், இரு கோயில்களுக்கும் நடுவே சுவர் எழுப்ப வேண்டுமென்றும் முடிவாயிற்று. முடிவைக் கல்லில் வெட்டினர்.

ஆக, குன்றின் பெயர் உண்மை. அங்கே குடியிருந்தது வழக்கு. பண் அழிந்தது, பங்குச்சீட்டு நின்றது.

ஒருபுறம் நடுநிலையாகவும் பேச வேண்டும். அப்பண்ணர் செய்தது கேடன்று. அடிதடியினும் எழுத்துமூலமான பங்கீடு நன்று. எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னும் இரு கோயில்களும் அடுத்தடுத்து, தனித்தனி வாயிலோடு நின்று வருகின்றன. ஒன்றை ஒன்று விழுங்கவில்லை. எம்முடைய வருத்தம் இரண்டு. ஒரே பாறையிற் பிறந்த இரு குகையாரைச் சமாதானப்படுத்தப் படைத்தலைவனாக வந்த அயலார் ஒருவர் வேண்டியிருந்தது என்பது ஒன்று. இசைக்குச் சுவரில் இடமில்லை, வழக்குக்கு உண்டு என்று ஒரு காலம் கருதியது என்பது மற்றொன்று.

இனிக் கோட்டையின் கதைக்கு வருவோம். இக்குன்றைச் சுற்றி மதில் வளைத்தவர் இராமநாதபுரம் சேதுபதி மன்னர், ஆண்டு 1687. அது கிழவன் சேதுபதி ஆண்ட காலம். அவர் மணந்த காதலி நாச்சியாருடைய உடன்பிறந்தாராகிய இரகுநாதராயத் தொண்டைமானே 1686-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை நிறுவியவர். பதினெட்டாம் நூற்றாண்டில் திருமெய்யம் தொண்டைமான் வசமாயிற்று. கோட்டைக்கு ஆதியில் 7 சுற்று மதில்கள் இருந்தன என்பர். இன்று நிற்பவை 4. வட்டமாக அமைந்த அம்மதில்களைக் கடந்து பாறையின்மேல் ஏறினால், பாதி வழியில், செங்குத்தான பாறைச் சரிவில் ஒரு சிறு குகை குடையப்பட்டிருக்கிறது. உள்ளே ஓர் இலிங்கம். இரும்பேணி வைத்தே அதனுள் ஏற வேண்டும். இன்னும் மேலே போனால் உச்சியில் மேடையும் அதன்மேல் ஒரு பீரங்கியும் உண்டு. அங்கே நின்று பார்த்தால் சுற்றுவட்டாரம் முழுதும் வெளியாகத் தெரியும். காவற்காரனுக்கு உகந்த இடம் அது.

அக்கோட்டையை ஊரார் ‘ஊமையன் கோட்டை’ என்று வழங்குகின்றனர். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயர் அது. மக்கள் வாக்கில் அக்கோட்டையோடு அவன் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். 1799-ஆம் ஆண்டில் திருக்களம்பூர்க் காட்டில் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்புவித்தவர்கள் தொண்டைமானின் ஆட்களே. அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அவன் தூக்கிலிடப்பட்டான். தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பி, அது மே மாதத்தில் விழுந்தபின் சிவகங்கை மருது சகோதரருடன் சேர்ந்தான். அவ்வாண்டு அக்டோபர் 24-இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலேறினர். நவம்பர் 16-இல் ஊமைத்துரையின் உயிரும் போயிற்று. பாளையக்காரர் கோட்டைகளை இடித்துத் தள்ளக் கும்பினியார் உத்தரவிட்ட காலத்தில் திருமெய்யம் தப்பியதற்கு, அஃது அவர்களுடைய நண்பரின் கையில் இருந்ததே காரணம் என்று கொள்ள வேண்டும். எனினும் ஊரார் அக்கோட்டைக்குக் காட்டிக் கொடுத்தவர் பெயரை வைக்கவில்லை. காட்டிக் கொடுக்கப்பட்ட குலத்தின் பெயரை வைத்தனர். சரித்திரத்தில் மக்கள் வழங்கும் தீர்ப்பு இப்படித்தான் சத்தமின்றி வழங்கப்படும்.

இவ்விடத்தில் கதை நம்மை நோக்கித் திரும்புகிறது. மருது சகோதரரின் போர் ஒடுங்கியபின், 1802 பிப்ரவரியில் கும்பினியார் 73 பேரைத் தூத்துக்குடியிற் கப்பலேற்றி நாடு கடத்தினர். அவர்களுள் சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் இளமகன் துரைச்சாமியும் இருந்தனர். எங்கே கடத்தினர்? பினாங்குத் தீவுக்கு! 1786-ஆம் ஆண்டு வரை அத்தீவு கெடா சுல்தானுடையது. பிரான்சிஸ் லைட் என்பவர் அவ்வாண்டு ஆகஸ்டில் அங்கே கும்பினிக் கொடியை ஏற்றினார். அலோர் ஸ்டாரிலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு மாதாமாதம் போய்வரும் நம்மவர், அக்கரையில் முதன்முதல் இறங்கிய தமிழர் கூட்டங்களுள் விலங்கிட்ட கைகளோடு இறங்கிய கூட்டம் ஒன்றும் உண்டு என்பதை நினைப்பதில்லை. திருமெய்யத்துக்கும் சிவகங்கைக்கும் சுற்றிலுமுள்ள சீமையே அவர்களைப் பெற்ற சீமை. ‘கடாரங்கொண்டான்’ வழியாக மட்டும் நமக்கு இம்மண்ணோடு உறவில்லை. கடாரக் கரைக்குக் கடத்தப்பட்டார் வழியாகவும் உறவு உண்டு. இரண்டாவது உறவே நமக்கு நெருங்கியது.

மதில்களின் கதையில் மற்றொரு கேள்வியும் உளது. 7 சுற்று மதிலுக்குக் கல் சுமந்தவர் யார்? மன்னர் பெயர் ஏட்டில் இருக்கிறது, தண்டநாயகர் பெயர் கல்லில் இருக்கிறது, நிலமளித்த பெருந்தேவியின் பெயரும் இருக்கிறது. சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. அவர்களிற் பலருடைய சந்ததியார், தம் பாட்டன்மார் கல் சுமந்த மதிலுக்குள்ளிருந்த கோயிலிலே கால் வைக்க முடியாமல் நூற்றாண்டுக் கணக்கில் நின்றனர். மதுரை மீனாட்சி கோயிலுள் 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் முன்னின்று தாழ்த்தப்பட்ட தோழர்களை அழைத்துச் சென்றதும், அதன்பின் சட்டங்கள் வந்ததும் யாவரும் அறிந்ததே. வெளிப்பகைவனைத் தடுக்கக் கட்டிய மதில் பாழாயிற்று. உள்ளே இருப்பவனைத் தடுக்கக் கட்டிய மதிலோ, கண்ணுக்குத் தெரியாமையால், இடிப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இன்னும் முழுதும் இடிந்தபாடில்லை. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி, கடல் கடந்தும் சாதியைக் கட்டிச் சுமக்கிறீர்களே என்ற கேள்வியை நம்மிடையே எழுப்பியதும் இம்மதிலைப் பற்றியே.

‘அக்கரைக் கதை போதும், இக்கரைக்கு வாருங்கள்’ என்று அன்பர்கள் கேட்கலாம். வருகிறோம்.

வட கெடாவில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே பாட்டன் காலத்தில் ரப்பர் இருந்தது, தந்தை காலத்தில் செம்பனை வந்தது, இப்போது வீடமைப்புக்காக நிலம் கைமாறிவிட்டது. லயத்து வீடுகளிற் பாதி காலி. தோட்டத்தில் கோயில் இரண்டு: மேல் லயத்தார் கும்பிடும் மாரியம்மன், கீழ் லயத்தார் கும்பிடும் முனியாண்டி. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் இடையே ஒரு சாக்கடை மட்டுமே உண்டு என்று புதிதாக வந்தவர் எண்ணுவர். உள்ளூரார் அறிவர், அங்கே ஊர் வேற்றுமையும் சாதி வேற்றுமையும் சேர்ந்து கட்டிய சுவர் ஒன்று ஓடுகிறது என்பதை. நிலம் வாங்கியவர்கள், கோயிலுக்கென ஒரு துண்டு நிலம் தருவதாக ஒப்புக்கொண்டனர். ஒரே துண்டு. யாருக்கு என்று எழுதவில்லை. அன்று தொடங்கிய வழக்கு இன்றும் தீரவில்லை.

இரு கோயிற் கமிட்டியாரும் மனு எழுதினர். அவற்றைத் தட்டெழுதிக் கொடுத்தவர்கள் தோட்டத்துக் கிராணிகளாகிய யாமே. முதல் மனுவில் ‘எம் கோயிலே பழமையானது, எம் மக்களே பெரும்பான்மையினர், எதிர்த்தரப்பார் பின்னால் வந்தவர்’ என்று எழுதினோம். மறுவாரம் வந்த இரண்டாம் மனுவிலும் அதே மூன்று வாக்கியங்களை, பெயரை மட்டும் மாற்றி எழுதினோம். எழுதும்போது எமக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அச்சிரிப்புக்காக இன்று வெட்கப்படுகிறோம். ஏனெனில் மூன்றாவது மனு ஒன்றை எழுதும்படி யாரும் எம்மிடம் வரவில்லை; யாமாக எழுதவும் இல்லை. அத்தோட்டத்தில் லயத்துக் கடைசியில் ஒரு படிப்பகம் இருந்தது. பழைய தலைமுறையார் சம்பளத்தில் காசு பிடித்துக் கட்டியது. இரவுப் பாடம் நடந்த இடம், பத்திரிகை படித்துக் காட்டிய இடம். ஞாயிறுதோறும் ஒரு பெரியவர் ஆர்மோனியம் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த இடமும் அதுவே. எங்கள் வயதையொத்தார் பலருக்குத் தமிழெழுத்து அங்கேதான் கண்ணில் பட்டது. கோயில் நிலத்தைப் பற்றி இருசாராரும் மனுமேல் மனுவாக அனுப்பிக் கொண்டிருந்த மாதத்தில், அப்படிப்பகம் இடிக்கப்பட்டது. புத்தகங்களை எடுத்து வைக்கவும் ஆளில்லை. இரு கமிட்டியாரும் அன்று வக்கீலைப் பார்க்கப் பட்டணம் போயிருந்தனர்.

அப்பொழுதுதான் எமக்குத் திருமெய்யத்துச் சுவர் நினைவுக்கு வந்தது. பண் அழிந்தது, பங்குச்சீட்டு நின்றது.

நினைவுச்சின்னங்களைப் பிறர் இடித்தால் நாம் கொதிக்கிறோம். கொதிக்கத்தான் வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்கில் 11 என்ற எண்ணிட்ட பழைய சண்டியின் சிதைவு வீடமைப்பு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது 2013-இல் வெளியானபோது நம் பத்திரிகைகளும் கட்சிகளும் முழங்கியது நியாயமே. ஆயினும், நாமே கட்டி நாமே மறந்த படிப்பகம் விழுந்தபோது ஒரு குரலும் எழாதது ஏன்? அஃது ஆயிரம் ஆண்டுப் பழமையுடையதன்று என்பதாலா? குடுமியான்மலைச் சுரங்களும் வெட்டிய அன்று புதியவையே. காப்பாற்றியமையால் அவை பழமையாயின. திருமெய்யத்துச் சுரங்கள் காப்பாற்றப்படாமையால் பழமையாகும் பேறு பெறவில்லை. பழமை என்பது தானே வருவதன்று; ஒவ்வொரு தலைமுறையும் ‘இதை அழியவிடோம்’ என்று தீர்மானிப்பதால் வருவது.

எனவே அத்தோட்டத்து இருசாராரையும், அதுபோன்ற வழக்குடைய வேறு தோட்டங்களின் அன்பர்களையும் யாம் வேண்டிக் கொள்வது இது. வழக்குத் தீர்க்க ஓர் அப்பண்ணர் வருவார் என்று காத்திராதீர்கள். இக்காலத்து அப்பண்ணர்கள் வக்கீல் வடிவிலும் அரசியல்வாதி வடிவிலும் வருவார்கள்; பங்கு பிரித்துத் தருவார்கள்; தம் பங்கையும் எடுத்துக்கொள்வார்கள். பெரியோர் ஐவரை மேல் லயத்திலிருந்தும், ஐவரைக் கீழ் லயத்திலிருந்தும் தெரிந்தெடுத்து ஒரு பந்தலில் உட்காருங்கள். பெண்களையும் உட்கார வையுங்கள். நிலமளித்த பெருந்தேவியின் குலத்தார் அவர்கள். ஒரு துண்டு நிலத்தில் இரு கடவுளரும் இருக்க இயலாதெனின், ஒரே பாறையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக இருவர் இருந்து வருவது எப்படி? வருவாயைப் பங்கிட்டு எழுதுங்கள். நடுவே சுவர் வேண்டுமென்றால், கட்டிக்கொள்ளுங்கள்; நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் அந்நடுச்சுவரில் ஒரு கதவு வைத்து, கதவுக்கு இருபுறமும் அலமாரி அமைத்து, பிள்ளைகளுக்குப் புத்தகம் அடுக்குங்கள். இருபுறத்துப் பிள்ளைகளும் அந்த ஒரு கதவையே திறக்கும்படி செய்யுங்கள்.

யாம் எழுதாது விட்ட மூன்றாவது மனுவை இப்பொழுது எழுதிவிட்டோம். படிப்பகத்துக்கு நிலம் கேட்கும் மனு அது, அரைப் பக்கமே. அடியில் இரு கோடுகள் விட்டிருக்கிறோம், ஒன்று மேல் லயத்தார் கையொப்பத்துக்கு, மற்றொன்று கீழ் லயத்தார் கையொப்பத்துக்கு. இதுவரை இரண்டும் வெறுமையாகவே இருக்கின்றன. முதலிற் கையெழுத்திடுபவர் எந்த லயத்தார் என்று கேளாமல் யாரேனும் ஒருவர் வந்து பேனாவை எடுப்பாராயின், திருமெய்யத்துக் கல்லிற் செதுக்கித் தள்ளிய சுரங்களுள் ஒன்றேனும் கடாரத்தில் மீண்டும் ஒலிக்கும்.